எல்லாருக்கும் எரியும் இண்டிகேட்டர்

என் வீட்டுக்காரரும் உங்களோடு வந்தவரும் ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் அக்கா. கரண்ட் இருந்தால் பத்து நிமிஷம், இல்லாவிட்டால் அடுத்த தெரு வரைக்கும் போக வேண்டும். உட்காருங்கள். ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம். மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, மீன் கழுவிய கையோடு அதில்தான் உட்கார்ந்து எழுந்து போனார்கள். இதில் உட்காருங்கள், துடைத்திருக்கிறேன்.

காரைப் பற்றித்தான். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேரிடமும் இதைச் சொன்னேன். போனவர்கள் போனவர்கள்தான். "நீ இன்னைக்கு வாயத் தொறக்காத, உள்ளயே இரு" என்று டெல்வின், என் வீட்டுக்காரர், காலையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் எனக்கு மறைத்து விற்கத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள் நான். கையில் குழந்தை வைத்திருக்கிறவள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா? இப்போதே வருவதில்லை. பாப்பா மூச்சு விடுகிறாளா என்று நாலு தடவை எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அது கிடக்கட்டும்.

இந்தக் காரின் வலது பக்க இண்டிகேட்டர் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. எப்போது எரியாது என்று கேளுங்கள். நானும் பிள்ளையும் மட்டும் ஏறினால் எரியாது. வேறு யார் ஏறினாலும் எரியும். டெல்வின் ஓட்டினால் எரியும். மெக்கானிக் ஓட்டினால் எரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போகும்போது எரியும். செவ்வாய்க்கிழமை நான் பாப்பாவைப் பின் சீட்டில் கட்டி வைத்து அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டேன் என்றால் மட்டும் அதற்கு என்னவோ வந்துவிடும்.

கார் அப்பாவுடையது அக்கா. அவர் ஏரலில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் ஓட்டுவதில்லை. பாப்பா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே சாவியை என் கையில் வைத்தார். "நான் யாரப் பாக்க ஓட்டிட்டுப் போகப் போறேன்? நீ ஓட்டிட்டு வந்து இவள எனக்குக் காட்டு." அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் போனேன். மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கண் சரியாகத் தெரியாததால் விரலால் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வருவார். நான் சொல்லி ஒரு தடவையிலேயே கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

பஸ்ஸில் போகலாமே என்கிறார் டெல்வின். இரண்டு பஸ் மாற வேண்டும். எட்டு மாதக் குழந்தை. அந்தக் கம்பி எத்தனை பேர் பிடித்த கம்பி! மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் பிடிப்பார்கள். பாப்பா எதைக் கண்டாலும் வாயில் வைத்து நக்குகிற பருவம். கார் போனால் அப்பாவைப் பார்ப்பதும் போனது போலத்தான். ஆனால் அதற்காக உங்களிடம் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முக்காணியில் நடந்ததைச் சொன்னேனா? இல்லையே. அங்கே மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்பினால்தான் ஏரலுக்குப் போகலாம். கண்ணாடியைப் பார்த்தேன், இண்டிகேட்டரைப் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், திரும்பினேன். எல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தபடியே. என் வலது தோளை உரசிக்கொண்டு ஒரு உப்பு லாரி. ஓவர்டேக் பண்ணுகிறான். ஹாரன் அடித்தான் பாருங்கள், பாப்பா நீலமாகிவிட்டாள். பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். கையளவு இடைவெளி அக்கா, இதோ இவ்வளவுதான். லாரிக்காரன் இறங்கி வந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தான், கக்கத்தில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது.

"சிக்னலு போடாம திரும்புதிய, உள்ள பச்சப் பிள்ள வேற! வீட்ல ஆம்பிளயாளு இல்லியாம்மா ஓட்டுறதுக்கு?"

"போட்டேன்! போட்டுத்தான் இருக்கேன்!"

"எங்க போட்டிய? காட்டுங்க பாப்போம்."

இண்டிகேட்டர் குச்சி வலது பக்கம் இறங்கித்தான் இருந்தது. டிக் டிக் சத்தம் இல்லை. அம்புக்குறியும் எரியவில்லை. நான் எரிச்சலில் குச்சியை ஆட்டினேன். எரிந்தது! அவன் முன்னாலேயே பளிச் பளிச் என்று எரிந்தது. அவன் சிரித்தான். பல்லைச் சொல்லமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

நான் கவனமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப்போலப் பிள்ளையைக் காரில் ஏற்றுகிறவள் இந்தத் தெருவிலேயே இல்லை. முதலில் சீட்டைத் துடைப்பேன். பிறகு டயர் பார்ப்பேன். பிறகு, சிரிக்கக் கூடாது, மந்திரித்த தண்ணீர். எங்கள் கோயிலில் சாமியார், பாதிரியார்தான், உப்புப் போட்டு மந்திரித்துக் கொடுப்பது. ஸ்டியரிங்கில் ஒரு சிலுவை, சாவி போடும் இடத்தில் ஒன்று, கியரில் ஒன்று. இண்டிகேட்டர் குச்சியின் அடியில் ஒன்று, ஏனென்றால் திரும்பும்போதுதானே ஆபத்து. பாப்பா ஏறுகிற நாளில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தேவையில்லை, கோயிலுக்குத்தானே போகிறோம். பாப்பா பிறந்த நாளிலிருந்து ஒரு பயணம்கூட நான் விட்டதில்லை. முக்காணிக்குப் பிறகு விரலால் தொட்டு வைப்பதை நிறுத்திவிட்டேன். பாட்டிலைச் சாய்த்து நன்றாகவே விடுகிறேன். கோயில் தண்ணீர் சின்னப் பாட்டில், நாலு தடவையில் தீர்ந்துவிடும். ஆனால் மந்திரித்த உப்பு பொட்டலமாகவே கொடுப்பார்கள். அதை வாங்கி நானே தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்கிறேன். வடிகட்டிய தண்ணீர்தான், சுத்தமானது.

இது விசுவாசம் அக்கா. மாமி செய்வது போல மூடநம்பிக்கை இல்லை. மாமி என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணு பட்டிருக்கு என்று கல்லுப்பும் மிளகாயும் கையில் அள்ளி, காரை மூன்று சுற்றுச் சுற்றி, "ஏளா பெனிட்டா, பிள்ளையத் துப்பச் சொல்லுளா" என்கிறார்கள். எட்டு மாதப் பிள்ளைக்குத் துப்பத் தெரியுமா? தெரியாது என்றதும் அவர்களே அவளுக்காக மூன்று தடவை தூ தூ தூ என்று துப்பி, அந்த உப்பு மிளகாயைக் கொண்டுபோய் நான் சமைக்கிற அடுப்பில் போட்டார்கள். உப்பைக் காரைச் சுற்றினால் இண்டிகேட்டர் எரியுமா? படிக்காதவர்கள், என்ன சொல்வது.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். முதலில் பார்த்தவன் பல்பை மாற்றினான். "யம்மா, நீங்க பின்னால போயி நில்லுங்க, எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க." நான் போய் நின்றேன். எரிந்தது. "எரியுதா?" "எரியுது." பார்த்தீர்களா, எனக்கு எதிராக என்னையே சாட்சி சொல்ல வைத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை எரியவில்லை. இரண்டாவது ஆள் ரிலே என்றான். அந்த டிக் டிக் சத்தம் போடுகிற சின்னப் பெட்டி. அதை மாற்றினான். எரிந்தது. மூன்றாவது ஆள் பின் விளக்கைக் கழற்றி, எர்த் பிடிக்கவில்லை என்று வயரைச் சுரண்டிக் கட்டினான். எரிந்தது. செவ்வாய்க்கிழமை இல்லை. மூன்று பேரும் ஒரே பல்லவி: "தூத்துக்குடி உப்புக் காத்துல சார், எந்த வண்டிதான் அரிக்காம இருக்கும்?" சார் என்றால் டெல்வின். ஓட்டுகிறவள் நான், சொல்கிறவள் நான், பதில் மட்டும் அவருக்கு. ஒருவன் அவர் காதருகே போய் மெதுவாகக் கேட்கிறான், "சார், அக்கா குச்சிய ஒழுங்கா இறக்குதாவளா?" டெல்வின் அதற்குச் சிரித்தார் அக்கா. சிரித்தார்.

ஒவ்வொருவன் கை வைத்த பிறகும் நான் வீட்டுக்கு வந்து ஸ்டியரிங்கைத் துடைக்க அரை மணி நேரம். அந்தக் கிரீஸ் கை, பீடி நாற்றம். அதன் மேல் பிள்ளைக்காக இன்னும் கொஞ்சம் மந்திரித்த தண்ணீர். விடவா முடியும்?

நாலாவது ஆள்தான் இசக்கிமுத்து. எட்டயபுரம் ரோட்டில் தார்ப்பாய் போட்ட கடை. ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களில் அவன்தான் கெட்டிக்காரன் என்றார்கள். கன்னத்தில் புகையிலை. பேசுகிறதற்கு முன்னால் ஒரு துப்பல், பேசி முடித்து ஒரு துப்பல். நகம் கறுப்பு. டெல்வினுக்கு ஹார்பரில் இருந்து போன் வந்து அவர் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிலும் படாமல் நின்றேன்.

இவன் பின்னால் போய் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. பல்பைப் பார்க்கவில்லை. "எப்பம்லாம் எரியாதும்மா?" என்று என்னைக் கேட்டான். செவ்வாய்க்கிழமை என்றேன். பிள்ளை இருந்தால் என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் மூடியைக் கழற்றி, குச்சி இருக்கிறதே, அதோடு சேர்ந்த சுவிட்சை வெளியே எடுத்தான். உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்த வெள்ளையை விரலால் தொட்டான். தொட்டு... எப்படிச் சொல்வேன் அக்கா... நாக்கில் வைத்தான்!

என் காரின் சுவிட்சை நக்கிப் பார்க்கிறான்! புகையிலை எச்சில் ஊறின நாக்கு.

"யம்மா, இதுல என்ன ஊத்துனிய?"

"நான் ஒண்ணும் ஊத்தலையே."

"உப்பு கரிக்கி."

"உப்புக் காத்துன்னு எல்லாரும் சொன்னாங்களே."

"காத்து உப்பு இப்படிக் கட்டி தட்டாதும்மா. இது கரைச்சு ஊத்துன உப்பு. பதினாலு வருசம் உப்பளத்துல உப்பு வாருனவன் நான், எனக்குத் தெரியாதா? ஈரமா இருக்கையில சுவிட்சு பிடிக்காது. காஞ்சா பிடிச்சுக்கிடும். அதான் கடைக்கு வந்தா எரியுது."

உங்களிடம் என்ன மறைக்க, மந்திரித்த தண்ணீர் என்று சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். எதற்கு வெட்கம்? அவன் பாப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிக்கொண்டு துப்பினான். பிறகு பிரஷ்ஷும் பெட்ரோலும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி மாட்டினான்.

டெல்வின் வந்து கேட்டார், "என்ன கம்ப்ளெயின்ட்டு?" நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான், "உப்புக் காத்துதான் சார். சுவிட்ச கழுவி மாட்டியிருக்கேன்."

பார்த்தீர்களா! ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எனக்கு ஒன்று, ஐந்து நிமிஷம் கழித்து அவருக்கு ஒன்று. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என் புருஷனிடம் பொய் சொல்கிறவன், என்னிடம் சொன்னது மட்டும் உண்மையாக இருக்குமா? எவ்வளவு அருவருப்பான ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவன் நக்கின இடம் என்பதால் பாட்டில் முழுவதையும் அங்கே கவிழ்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலத் தண்ணீர் விட்டுப் புறப்பட்டேன், இந்தத் தெரு முனையிலேயே எரியவில்லை. எதிரில் ஸ்கூல் வேன். நான் நடு ரோட்டிலேயே காரை நிறுத்திவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தேன். மாமி அன்றைக்குத்தான் சொன்னார்கள், "அந்த வண்டி ராசியில்லாதது, வித்துருல டெல்வின்" என்று. அவரும் சரி என்றுவிட்டார். மறுபடி இசக்கிமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டினார், விற்கிற வண்டியில் இண்டிகேட்டர் எரிய வேண்டுமே. அவன் கழுவி மாட்டிக் கொடுத்து, எனக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருக்கிறான். "அந்தாளு என்னமோ சொல்றான், எனக்கு வெளங்கல" என்று டெல்வின் வந்து ஒப்பித்தார். "யம்மாகிட்ட சொல்லுங்க சார், சாமி தண்ணிய பிள்ள நெத்தியில வச்சாப் போதும், அது வண்டிக்கும் சேத்துத்தான்னு."

யார் யாருக்குச் சொல்வது? கழுத்தில் தாயத்துக் கட்டினவன் எனக்கு மந்திரித்த தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டெல்வின் முன்னால் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

அது நடந்து மூன்று வாரம். எனக்குச் சாவி தருவதில்லை. டெல்வின்தான் தினமும் ஹார்பருக்கு எடுத்துப் போகிறார். தினமும் எரிகிறதாம். வேண்டுமென்றே என்னிடம் வந்து சொல்கிறார். அப்பா செவ்வாய்க்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறார். "வண்டி சரியாயிட்டாம்மா?" என்று மட்டும்தான் கேட்கிறார், வேறு எதுவும் கேட்கமாட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பேசுகிறார், பின்னால் ரோட்டுச் சத்தம் கேட்கிறது.

இப்போது உங்கள் முடிவைச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட வண்டியை வாங்குவீர்களா?

என்ன அக்கா எழுந்துவிட்டீர்கள்? போட்டுப் பார்க்கப் போகிறீர்களா? பாருங்கள், இன்றைக்கு உங்களுக்காகச் சாவியை அதிலேயே விட்டிருக்கிறார். எரியும். உங்களுக்கு எரியும். எரிகிறதா? சொன்னேனே. இன்னொரு தடவையா? எத்தனை தடவை போட்டாலும்... கடைசியாக எப்போது தண்ணீர் விட்டேனா? சொன்னேனே, மூன்று வாரம். சாவியே இல்லாதபோது எப்படி விடுவது?

என்ன? எடுத்துக்கொள்கிறீர்களா? அக்கா, நான் சொன்னதைக் கேட்டீர்களா இல்லையா! கோளாறு இருக்கிறது என்று இவ்வளவு நேரம்... எங்கே இல்லை என்கிறீர்கள்? காரில் இல்லை என்றால்?

கொஞ்சம் இருங்கள். அந்த மனுஷன் சொன்னதையே நீங்களும் சொல்கிறீர்கள். அவன் புகையிலைக்காரன். நீங்கள் அப்படி இல்லை. நகம் வெட்டியிருக்கிறீர்கள், புடவையில் ஒரு கசங்கல் இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கவும் இல்லை. நீங்கள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? உண்மையில் நீங்கள் வண்டி நன்றாக இல்லை என்று சொன்னால்தான் விலை குறையும்.

அப்படியென்றால் முக்காணியில்... அந்த லாரி...

இல்லை, அழவில்லை. பாப்பா பக்கம் காற்று வரட்டும் என்று இந்தப் பக்கம் திரும்பினேன்.

இது தெரிந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மாமி கோயில் வாசலில் வைத்துச் சொல்வார்கள். டெல்வின் ஹார்பரில் சொல்வார். பாப்பா கல்யாணத்திலும் சொல்லிச் சிரிப்பார்கள், உங்க அம்மா காருக்கு உப்புப் போட்டு ஊற வச்சவ என்று. அந்த ஆள் அன்றைக்கு வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதானா? எனக்காகவா? அந்தக் கறுப்பு நகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேனா? சீ, இதை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது.

நீங்கள் எதுவும் சொல்லாமல் போய்விடுவீர்களா? போய்விடுவீர்கள். நல்லவர் என்று முகத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் சும்மா போனாலும் நாளைக்கு நாலாவதாக ஒருவர் வருவார். இண்டிகேட்டரைப் போட்டுப் பார்ப்பார். எரியும். எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கேட் சத்தம் கேட்கிறதா? வந்துவிட்டார்கள். அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? இல்லை, கை கழுவ வேண்டாம், பரவாயில்லை, அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

"டெல்வின், அந்த ஜெராக்ஸை உள்ள வைங்க. வண்டிய விக்கல. எதுக்குன்னு சொல்றேன், மாமியையும் வரச் சொல்லுங்க. ஒரே தடவதான் சொல்லுவேன். சிரிக்கிறவங்க எல்லாம் இப்பவே சிரிச்சு முடிச்சிரணும், எனக்கு வெயில் ஏறுறதுக்குள்ள ஏரல் போகணும்."